காற்றுக்குக் காத்திருந்தவர்கள்

வடசுமத்ராவின் கடலோரத்தில், பழைய பாசாய் துறைமுகம் இருந்த இடத்தில், ஒரு சுல்தானின் அடக்கத்தலம் இருக்கிறது. மலிக்குஸ் ஸாலிஹ் என்பது அவர் பெயர். ஹிஜ்ரி 696-இல், அதாவது 1297-இல், அவர் காலமானார் என்கிறது மீசான் கல். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, சீனாவிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த மார்க்கோ போலோ அதே கரையில் காற்றுக்காக ஐந்து மாதம் காத்துக் கிடந்தார். பக்கத்தில் பெர்லாக் என்ற ஊரில் நகரவாசிகள் மட்டும் முஸ்லிம் வணிகர்களோடு பழகிப் பழகி இஸ்லாத்தைத் தழுவியிருந்தார்கள், மலையில் இருந்தவர்கள் தழுவவில்லை என்று அவர் சொல்லிவைத்தார்.

இன்று இந்தோனேசியாவில் மட்டும் இருபது கோடிக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் வாழ்கிறார்கள். வெளியிலிருந்து எந்த முஸ்லிம் படையும் வந்து அந்தத் தீவுகளை வென்றதில்லை. பிறகு எப்படி நடந்தது இது? 'வணிகத்தின் மூலம் பரவியது' என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடுகிறது. அந்த வரி பொய்யல்ல. ஆனால் கணக்கு உதைக்கிறது.

851-இல் எழுதப்பட்ட அரபுப் பயணக் குறிப்பு ஒன்று, சீனாவின் காண்டன் நகரத்தில் குடியிருந்த முஸ்லிம்களுக்குள் வழக்குத் தீர்க்க அவர்களிலேயே ஒருவரைச் சீன அரசு அமர்த்தியிருந்தது என்று தெரிவிக்கிறது. காண்டனுக்குப் போகும் கப்பல் மலாக்கா நீரிணையைத் தொடாமல் போக முடியாது. ஆக, ஒன்பதாம் நூற்றாண்டிலேயே முஸ்லிம் வணிகர்கள் சுமத்ராவைக் கண்டிருக்கிறார்கள். கிழக்கு ஜாவாவில் கிரெசிக் அருகே லெரான் என்ற ஊரில், மைமூனின் மகள் ஃபாத்திமா என்ற பெண்ணின் கல்லறைக் கல் 1082-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அப்படியிருந்தும், உள்ளூர் மன்னர் ஒருவர் முஸ்லிமாக இருந்ததற்கான சான்று பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில்தான் கிடைக்கிறது. நானூறு ஆண்டுகளுக்கு மேல் கப்பல்கள் வந்தன, போயின. மார்க்கம் இறங்கவில்லை. வணிகம் மட்டுமே காரணமென்றால் இத்தனை தாமதம் ஏன்?

ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியை நெடுங்காலம் கேட்கவில்லை. 'எந்த நாட்டிலிருந்து வந்தது?' என்ற வேறொரு கேள்வியிலேயே நூறாண்டு சண்டையிட்டார்கள். டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்குரோன்யே 1883-இல் தென்னிந்தியத் துறைமுகங்களை நோக்கிக் கை காட்டினார். 1912-இல் மோக்கெட் என்பவர், பாசாயிலும் கிரெசிக்கிலும் உள்ள பதினைந்தாம் நூற்றாண்டுக் கல்லறைக் கற்களின் வேலைப்பாடு குஜராத்தின் கம்பாத் நகரத்துக் கற்களை அச்சாக ஒத்திருப்பதைக் கண்டுபிடித்தார். குஜராத் கட்சி வென்றுவிட்டதாகவே எல்லோரும் நினைத்தார்கள். 1951-இல் மாரிசன் எதிர்த்தார். பாசாயில் இஸ்லாம் வேர்விட்ட காலத்தில் குஜராத் இந்து அரசரின் ஆட்சியில் இருந்தது, ஆகவே சோழமண்டலக் கரையைத்தான் பார்க்க வேண்டும் என்றார். 1963-இல் ஃபாத்திமி வங்காளத்தைச் சொன்னார். மலேசிய அறிஞர் நகீப் அல்-அத்தாஸ், இந்தியாவே வேண்டாம், அரபு நாட்டு அறிஞர்களின் எழுத்தும் சிந்தனையுமே மூலம் என்றார்.

கல்லை வைத்துச் சொன்ன வாதம் எனக்கு ஒருபோதும் நிறைவளித்ததில்லை. கம்பாத்தின் சிற்பிகள் செதுக்கிய சலவைக்கல் இந்தியப் பெருங்கடல் முழுதும் ஏற்றுமதியான சரக்கு என்று எலிசபெத் லாம்போர்னின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம்மூரில் வீடு கட்டுகிறவர் ராஜஸ்தான் பளிங்கை வாங்கித் தரையில் பதிக்கிறார். அதனால் அவர் ராஜஸ்தானியாகிவிடுவதில்லை. கல் வாங்கிய கடை வேறு, கலிமா சொல்லிக்கொடுத்தவர் வேறு. மாரிசனின் வாதத்திலும் ஓட்டை உண்டு. ஒரு துறைமுகத்தில் முஸ்லிம் வணிகர்கள் இருக்க, அதை ஆள்பவர் முஸ்லிமாக இருக்க வேண்டியதில்லை. கோழிக்கோட்டு சாமூத்திரியும் காயலை ஆண்ட பாண்டியரும் அதற்குச் சாட்சி. மலிக்குஸ் ஸாலிஹின் மீசான் கல்லே அவர் காலத்துக்குப் பல தலைமுறை பின்னால் நடப்பட்டிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

இந்தச் சண்டையில் உருப்படியாக எஞ்சும் தடயம் ஒன்று, மத்ஹப் என்னும் சட்டநெறி. மலாய் உலகம் முழுவதும் ஷாஃபி சட்டநெறியைப் பின்பற்றுகிறது. 1345 வாக்கில் பாசாய்க்கு வந்த இப்னு பதூதா, அங்கிருந்த சுல்தான் ஷாஃபி நெறியில் பற்றுள்ளவர், சட்ட அறிஞர்களோடு விவாதிப்பதை விரும்புபவர், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு நடந்தே போகிறவர் என்று குறித்திருக்கிறார். நம் பக்கம் பாருங்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் ஷாஃபிகள் மிகுதி. உள்நாட்டுக்குப் போகப்போக ஹனஃபிகள் மிகுதி. தில்லியிலிருந்தும் தக்காணத்திலிருந்தும் நிலவழியாக வந்தது ஹனஃபி நெறி. மலபார், இலங்கை, கொங்கணம், ஏமன் கரை, கிழக்கு ஆப்பிரிக்கக் கரை எல்லாம் ஷாஃபி. இதை வைத்துச் சோழமண்டலம் என்றோ மலபார் என்றோ ஏமன் என்றோ ஒரு நாட்டைத் தனியே பிரித்தெடுக்க முடியாது. அந்த நெறி கடல் வழியாக வந்தது என்பது மட்டும் உறுதிப்படுகிறது. பாசாய் அரசர்களின் மலாய் வரலாற்று நூலும் இதையே கதையாகச் சொல்கிறது. மக்காவிலிருந்து புறப்பட்ட கப்பல் வழியில் ஓர் இந்தியக் கரையில் நிற்கிறது. அந்நாட்டு சுல்தான் அரியணையைத் துறந்து ஃபக்கீராகிக் கப்பலில் ஏறிக்கொள்கிறார். அவரையும் ஏற்றிக்கொண்டு கப்பல் சுமத்ராவுக்குப் போகிறது. அந்த இந்தியக் கரையின் பெயரை அரபியர் தமிழ்க் கரைக்கு வழங்கிய 'மஃபர்' என்று கொள்வோர் உண்டு. மக்காவா இந்தியாவா என்று நாம் அடித்துக்கொள்கிறோம். அந்தப் பழைய கதைக்கு இரண்டும் ஒரே கப்பலில் ஏறிவிட்டன.

தாமதத்தின் காரணத்துக்கு வருகிறேன். அது காற்றில் இருக்கிறது.

தென்மேற்குப் பருவக்காற்றில் கிழக்கே போன பாய்க்கப்பல், வடகிழக்குக் காற்று எழும்வரை திரும்ப முடியாது. அரபு நாட்டிலிருந்து சீனம் வரை ஒரே கப்பலில் ஒரே மூச்சில் போய்வந்த பழைய வழக்கம் பத்தாம் நூற்றாண்டுக்குப் பின் மெல்லக் குறைந்தது. கடல்வழி துண்டுதுண்டானது. செங்கடலிலிருந்து மலபாருக்கும் கம்பாத்துக்கும் ஒரு கட்டம். அங்கிருந்தும் சோழமண்டலத்திலிருந்தும் நீரிணைக்கு ஒரு கட்டம். அங்கிருந்து சீனத்துக்கும் மலுக்கு தீவுகளுக்கும் ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்தின் முனையிலும் வணிகர் மாதக்கணக்கில் தங்க வேண்டியதாயிற்று. தங்குகிறவருக்குப் பண்டகசாலை வேண்டும், நம்பிக்கையான ஆள் வேண்டும், சமைத்துப் போட வீடு வேண்டும். பலர் அந்த ஊரிலேயே மணம் முடித்தார்கள். முஸ்லிமை மணந்த பெண் மார்க்கத்தில் சேர்ந்தாள். பிள்ளை தாயின் மொழியைப் பேசித் தந்தையின் தொழுகையைத் தொழுதது. காற்று மாறியதும் தந்தை போனார், சிலர் திரும்பவில்லை. பிள்ளை ஊரிலேயே இருந்தது. மார்க்கம் வேர்விட்டது அந்தப் பிள்ளையிடத்தில்தான் என்பது என் முடிவு.

போர்த்துக்கீசியரான தோமே பிரேஷ் 1512-க்கும் 1515-க்கும் இடையில் மலாக்காவில் இருந்து எழுதிய நூலில் ஜாவாவின் வடகரை பற்றி ஏறத்தாழ இதையே சொல்கிறார். பாரசீகர், அரபியர், குஜராத்தியர், வங்காளியர் எனப் பலர் வணிகத்துக்கு வந்தார்கள், செல்வந்தரானார்கள், பள்ளிவாசல் கட்டினார்கள், வெளியிலிருந்து முல்லாக்கள் வந்தார்கள், அவர்களின் பிள்ளைகள் ஜாவானியராகவே ஆகிவிட்டார்கள் என்கிறார் அவர். ஏறத்தாழ நூறாண்டுக்கு முன், சீனத் தளபதி செங் ஹேயுடன் வந்த மா ஹுவான் அதே ஜாவாவைப் பார்த்தார். செங் ஹேயும் மா ஹுவானும் முஸ்லிம்கள். மேற்கிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம்கள் ஒரு வகை, முஸ்லிம்கள் பலரைக் கொண்ட சீனர் ஒரு வகை, பேய் பூதங்களை நம்பும் உள்ளூர் மக்கள் ஒரு வகை என்று மூன்றாகப் பிரித்து எழுதினார் மா ஹுவான். பிரேஷின் காலத்தில் அந்தப் பிரிவு மங்கிவிட்டது. கரையோர ஜாவா மாறியது இந்த இரண்டு குறிப்புகளுக்கும் இடைப்பட்ட நூறாண்டில்தான்.

இங்கே நம் வரலாற்றை நோக்கி ஒரு கேள்வி எழுகிறது. தமிழ் வணிகரும் இதே கடலில் இருந்தார்கள். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் 1088-இல் சுமத்ராவின் பாருஸில் தமிழ்க் கல்வெட்டு வெட்டினார்கள். சீனாவின் சுவான்சௌவில் 1281-இல் சிவன் கோயிலுக்குத் தமிழில் கல்வெட்டு எழுந்தது. அதே ஊரில் 1009-இல் கட்டிய பள்ளிவாசலும் இருந்தது. அந்தச் சைவ வணிகர்களின் கோயில் அவர்களோடு நின்றுவிட்டது, பள்ளிவாசல் அப்படி நின்றுவிடவில்லை. ஏன்? முந்தைய காலத்தில் சைவமும் பௌத்தமும் தென்கிழக்காசிய அரண்மனைகளில் பெருஞ்சிறப்போடு இருந்தன. ஆனால் அவற்றைத் தாங்கியது அரசரும் சடங்காளரும். வணிகர் அவற்றின் வாசற்காரர் அல்லர். இஸ்லாத்தில் யாரும் வாசற்காரராகலாம். கலிமாவைச் சொல்லிச் சேர்ந்தவர் அடுத்த வரிசையில் நின்று தொழலாம். அதோடு துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறாத ஒரு சட்டம் வந்தது. கூட்டுவணிகம், வாரிசுரிமை, கடன், கப்பலில் இறந்தவரின் சரக்கு என எல்லாவற்றுக்கும் காயலிலும் பாசாயிலும் காழியார் ஒரே நூலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடிந்தது. முன்பின் பார்த்திராத ஒருவரிடம் மிளகுக்கு முன்பணம் கொடுக்கிற வணிகருக்கு இது எவ்வளவு பெரிய துணை!

கரையோர மன்னர்கள் இதைக் கவனித்தார்கள். 1400 வாக்கில் எழுந்த மலாக்கா, அரை நூற்றாண்டுக்குள் ஆசியாவின் பெருஞ்சந்தையானது. அதன் துறைமுகத்தில் எண்பத்து நான்கு மொழிகள் கேட்டதாகப் பிரேஷ் எழுதுகிறார். வணிகர்களை நாடுவாரியாகப் பிரித்து, ஷாபந்தர் என்ற துறைமுக அதிகாரிகள் நால்வர் மேற்பார்த்தார்கள். குஜராத்தியர் எண்ணிக்கையில் மிகுந்ததால் அவர்களுக்கு மட்டும் தனி ஷாபந்தர். கலிங்கர் என்று அங்கே அழைக்கப்பட்ட தமிழர், வங்காளியர், பெகு நாட்டவர், பாசாயினர் இன்னொருவரின் கீழ். மன்னர் எப்படி முஸ்லிமானார் என்பதற்கு மலாய் வரலாற்று நூலில் ஒரு கனவுக்கதை உண்டு. நபிகள் கனவில் வந்து கலிமா கற்றுக்கொடுக்கிறார், மறுநாள் ஜித்தாவிலிருந்து கப்பல் வருகிறது. பாசாய்க்கும் இப்படியொரு கனவு உண்டு. கேரள மன்னர் சேரமான் பெருமாள் முஸ்லிமான கதையையும் இதே குடும்பத்தில் சேர்க்கலாம். அந்தக் கதையைப் பதினாறாம் நூற்றாண்டிலேயே ஷெய்கு ஜைனுத்தீன் மக்தூம் காலக்கணக்குப் பார்த்து ஐயுற்றார், நபிகளின் காலத்தில் நடந்திருக்க முடியாது என்று எழுதினார். அந்த நேர்மை இன்றும் நமக்கு வேண்டியிருக்கிறது.

கனவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது மலாக்கா அரண்மனையின் ஒரு குடும்பச் சண்டை. 1440-களில் அரியணை ஏறியவர் ஸ்ரீ பரமேஸ்வர தேவ ஷா. பெயரிலேயே பழைய தெய்வமும் புதிய பட்டமும் தோளோடு தோள் நிற்கின்றன. அவரை வீழ்த்தி முஸஃபர் ஷா என்ற பட்டத்தோடு ஆட்சிக்கு வந்தவர் மாற்றாந்தாய் வயிற்றில் பிறந்த அவருடைய அண்ணன் ராஜா காசிம். காசிமின் தாய், கலிங்க நாட்டிலிருந்து வந்து மலாக்காவில் குடியேறிய மணி புரிந்தன் என்ற முஸ்லிம் பெரியவரின் மரபில் வந்தவள் என்று மலாய் நூல் சொல்கிறது. அந்த வழியில் வந்தவர்கள் பின்னர் பெந்தஹாரா என்ற தலைமை அமைச்சர் பதவியிலும் அமர்ந்தார்கள். முஸஃபர் ஷாவின் காலத்தில்தான் இஸ்லாம் மலாக்காவின் அரச மார்க்கமாக உறுதிப்பட்டது. காற்றுக்குக் காத்திருந்த ஒருவர் கட்டிய வீடு, இரண்டு தலைமுறைக்குள் அரியணையைத் தொட்டிருக்கிறது.

இதெல்லாம் கரையின் கதை. நெஞ்சுக்குள் எப்படி இறங்கியது? அதற்கு மொழியிடம் போக வேண்டும். மலேசியாவின் திரங்கானுவில் கிடைத்த கல்வெட்டை 1303-ஆம் ஆண்டினதாகப் பலர் கருதுகிறார்கள். மலாய் மொழியை அரபு எழுத்தில் வெட்டிய மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று. இஸ்லாமியச் சட்டங்களைக் கூறும் அந்தக் கல், இறைவனை 'தேவதா முலியா ராயா' என்று அழைக்கிறது. மலாய்க்காரர் தொழுகையைச் 'செம்பாயாங்' என்றார்கள். ஹ்யாங் என்ற பழைய தெய்வத்துக்குச் செய்யும் வணக்கம் என்பது அதன் வேர்ப்பொருள். நோன்புக்கு 'புவாசா', அது உபவாசம். சுவர்க்கமும் நரகமும் அப்படியே நின்றன. இதைப் படிக்கும்போது தமிழ்க் கரைக்குத் தன் முகமே தெரியும். ஸலாத்தை நாம் தொழுகை என்றோம், ஸவ்மை நோன்பு என்றோம், ஈதைப் பெருநாள் என்றோம். சமணரும் பௌத்தரும் வழங்கிய பள்ளி என்ற சொல்லிலிருந்து பள்ளிவாசல் பிறந்தது. வந்த மார்க்கம் தன் சொற்களைத் திணிக்கவில்லை. இருந்த சொற்களில் குடியேறியது. மலாயில் ஊர்ப்பள்ளியின் மார்க்கக் கல்வியாளருக்கு 'லெபாய்' என்று பெயர். நம் லெப்பைதான் அவர். கடை 'கெடாய்' ஆனதும் கப்பல் 'காப்பால்' ஆனதும் முதல் 'மொடால்' ஆனதும் வணிகத்தின் தடம். லெபாய் என்ற சொல் போனது, ஓதிக்கொடுக்கிறவரும் அதே கப்பலில் போனதற்கு அடையாளம்.

எழுத்தும் இப்படித்தான். மலாயை அரபு எழுத்தில் எழுதினார்கள், ஜாவி என்றார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள், அரபுத்தமிழ் என்றார்கள். மலபாரில் அரபு மலையாளம், ஆப்பிரிக்கக் கரையில் சுவாஹிலி. ஒரே கடலைச் சுற்றி ஒரே வேலை. வண்ணப் பரிமளப் புலவர் 1572-இல் இயற்றிய ஆயிர மசலா, மதீனாவின் யூத அறிஞர் ஒருவர் நபிகளிடம் கேட்ட ஆயிரம் கேள்விகளைப் பாடுகிறது. அதே கதை மலாயிலும் ஜாவா மொழியிலும் உண்டு. மூன்றையும் ஒப்பிட்டு ரோனித் ரிச்சி 2011-இல் வெளியிட்ட நூல், இந்தத் துறையில் 'எங்கிருந்து' என்ற பழைய கேள்வியைப் பின்னுக்குத் தள்ளியது. மதமாற்றம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மொழிபெயர்ப்பு என்று அந்நூல் உணர்த்துகிறது. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. நாட்டுப் படலத்தில் அரபு நாட்டில் மழை பொழிகிறது, வயல் விளைகிறது. நபிகளைத் தமிழ் மண்ணுக்கு வரவேற்க ஒரு புலவர் மனமுவந்து செய்த உழவு அது.

கிழக்கு ஜாவாவின் ட்ரோலோயோ கல்லறைகள் இன்னும் வியப்பானவை. மஜாபாஹித் பேரரசின் தலைநகரத்தை ஒட்டி, பதினான்காம் நூற்றாண்டில், அந்த இந்து-பௌத்த அரசு உச்சத்தில் இருந்தபோதே வைத்த முஸ்லிம் கல்லறைகள் அவை. ஒரு பக்கம் குர்ஆன் வாசகங்கள். மறுபக்கம் பழைய ஜாவானிய எண்களில் சக ஆண்டு. வெளிநாட்டு வணிகர் ஹிஜ்ரியில் எழுதுவார். சக ஆண்டில் எழுதியவர்கள் உள்ளூர் மக்கள், அதுவும் அரண்மனைக்கு நெருக்கமானவர்களாக இருக்க வேண்டும். பழைய மரபில் நின்றுகொண்டே புதிய மார்க்கத்தைத் தழுவ அவர்களுக்குத் தடை இருக்கவில்லை.

கடல்தான் என்றில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் கானா அரசைப் பற்றி அல்-பக்ரி 1068-இல் எழுதியபோது, தலைநகரம் இரட்டை ஊராக இருந்தது. ஒன்றில் பன்னிரண்டு பள்ளிவாசல்களோடு முஸ்லிம் வணிகர்கள், மற்றொன்றில் தம் பழைய தெய்வங்களோடு மன்னர். சகாராவின் ஒட்டகப் பாதை பாய்க்கப்பலின் வேலையைச் செய்திருக்கிறது. அங்கும் முதலில் பக்கத்து ஊராக வாழ்ந்தார்கள், பிறகுதான் ஒரே ஊரானார்கள்.

எல்லாம் அமைதியாகவே நடந்தது என்று எழுதி முடித்தால் அது வரலாறாகாது. தொழுகைக்கு நடந்து போன அதே பாசாய் சுல்தான், சுற்றியிருந்த முஸ்லிம் அல்லாத மக்கள்மீது படையெடுப்பதையும் வழக்கமாகக் கொண்டிருந்தார் என்கிறார் இப்னு பதூதா. ஜாவாவில் டெமாக் சுல்தான்களின் படைதான் 1527 வாக்கில் மஜாபாஹித்தின் எச்சத்தை முடித்தது. சுலாவெசியில் கோவா மன்னர் 1605-இல் மார்க்கத்தில் சேர்ந்தார். அடுத்த ஆறாண்டுக்குள் அண்டையிலிருந்த போனே அரசைப் போரில் பணியவைத்து மார்க்கத்தில் சேர்த்தார். கரையில் வணிகம் விதைத்ததை உள்நாட்டுக்குக் கொண்டுபோனதில் வாளுக்கும் பங்கு உண்டு. ஆனால் வாளேந்தியவர்கள் அந்த மண்ணின் மன்னர்கள், அவர்களுடைய அரசியல் பகைகளும் அந்த மண்ணுக்கே உரியவை. பாலித்தீவு கடைசிவரை மாறவில்லை என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

போர்த்துக்கீசியர் 1511-இல் மலாக்காவைப் பிடித்தது இந்தப் பரவலை நிறுத்தவில்லை, சிதறடித்து விரிவாக்கியது. மலாக்காவை விட்ட முஸ்லிம் வணிகர் அச்சே, ஜொகூர், பாந்தென், மக்காசார் என்று போனார்கள். ஒரு சந்தை பலவாயிற்று. பதினாறாம் நூற்றாண்டின் மிளகுப் பணம் அந்த ஊர்களுக்கு அறிஞர்களையும் நூல்களையும் கொண்டுவந்தது.

இத்தனை ஆய்விலும் பெரிதும் பயன்படாமல் கிடப்பது நம் கரையின் சான்றுதான். டச்சுக்காரர் மலாய் ஏடுகளைத் தேடித் தொகுத்தார்கள், லெய்டனில் அடுக்கினார்கள், அதனால் அந்தப் பக்கத்துக் கதை எழுதப்பட்டது. தமிழ்நாட்டுக் கரையிலும் இலங்கையிலும் அரபுத்தமிழில் எழுதிய ஏடுகளும் வணிகக் கணக்குகளும் கடிதங்களும் பழைய வீடுகளின் பெட்டிகளில் இருக்கின்றன. அந்த எழுத்தைச் சரளமாகப் படிப்பவர்கள் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்துவருகிறார்கள். படிக்கத் தெரியவில்லை என்பதற்காக எந்தத் தாளையும் எறிந்துவிடாதீர்கள், கடலில் விடாதீர்கள். பாட்டியோ வாப்பாவோ படிக்கக்கூடியவராக இருந்தால் இன்றே அருகில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஏட்டைப் படமெடுத்து, ஒரு பல்கலைக்கழகத் தமிழ்த்துறையிடமோ அரபித்துறையிடமோ கொண்டுபோய்க் காட்டுங்கள்.